சான்ட்ரிங்ஹாமில் ஒரு கோப்பைத் தேநீர்

புலம்பெயர்ந்தவர் எழுதினால் பனி கொட்டவேண்டும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் 1994ம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட புலம்பெயர்ந்தோர் கதைத் தொகுப்பின் பெயரே ‘பனியும் பனையும்’. ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களுக்கு அது பொருத்தம். ஒக்லாந்தில் இருக்கிற எங்களுக்குப் பனையும் இல்லை, பனியும் இல்லை. 2011ம் ஆண்டு ஆகஸ்ட் 15ம் திகதி நகரத்துக்குள் கொஞ்சம் பனி தூறியது. வேலைத்தலங்களில் எல்லோரும் யன்னலுக்கு ஓடினார்கள். விழுந்தது நிலத்தில் நிற்கவில்லை. அவ்வளவுதான் எங்கள் பனி இலக்கியம்.

இங்கே குளிர்காலம் என்றால் மழை. யூன், யூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் சாய்வாக அடிக்கிற மழை. குளிர் வெளியில் இருப்பதைவிட வீட்டுக்குள்தான் அதிகம். 1978ம் ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகளுக்குச் சுவரிலும் கூரையிலும் குளிர்காப்புப் போடவேண்டுமென்ற சட்டம் இருக்கவில்லை. நாங்கள் வாடகைக்கு இருந்தது 1920களில் கட்டிய பலகை வீடு. பார்க்க வடிவு. காலையில் யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தால் தண்ணீர் வடியும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா தலைக்குத் தொப்பியும் காலுக்கு இரண்டு சோடி காலுறையும் போட்டுக்கொண்டு, “உங்கட நாட்டில வீட்டுக்க இருக்கிறதை விட றோட்டில நிக்கிறது சூடு” என்றா. அது உண்மைதான். அதனால்தான் சனிக்கிழமைகளில் சான்ட்ரிங்ஹாம் வீதிக்குப் போகத் தொடங்கினோம். அடுப்பு எரிகிற கடைகளில் குளிர் காய்வதற்காகத் தொடங்கிய பழக்கம் அது.

ஒரு யூலை நடுப்பகுதியில் ஆடிப்பிறப்பு வந்தது. கொளுத்தும் வெயிலில் வியர்த்து வழிந்தபடி ஊரில் குடித்த ஆடிக்கூழுக்கு ஏற்ற காலநிலை பூமியின் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறதென்பது வேடிக்கை. பயறு, பச்சையரிசி மா, தேங்காய்ப்பால், பனங்கட்டி. நாலையும் தேடிப் போன அன்று எங்களோடு அட்டனில் பிறந்த நண்பர் ஒருவரும் வந்தார். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் விஷயத்தை முதலில் கிளப்பியவர் அவர்தான்.

சான்ட்ரிங்ஹாம் நகரத்தின் நடுவில் இருந்து தென்மேற்காக ஒரு பஸ் தூரம். வழியில் ஈடன் பார்க் மைதானம். நியூசிலாந்து 1955ம் ஆண்டில் இங்கிலாந்திடம் 26 ஓட்டத்துக்குள் சுருண்டதும், அடுத்த வருடமே மேற்கிந்தியரை வென்று தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் அங்கேதான். மைதானமும் அதற்கப்பால் விரியும் பள்ளமும் ஒரு காலத்தில் சதுப்பு. சுற்றிவர இருக்கிற எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி, அதன் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிய நிலம். மாவோரிகள் ‘தீ கோவுக்கா’ என்று சொல்லும் மரம் அங்கே நிறைய நின்றது. வெள்ளைக்காரர் அதற்குக் கோவா மரம் என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கும் வீதிக்கும் பழைய பெயர் கோவாமரச் சதுப்பு. பிறகு அது ஈடன்டேல் ஆனது. 1920களில் டிராம் பாதையும் பலகை வீடுகளும் வந்த காலத்தில், இங்கிலாந்து அரசகுடும்பத்தின் நோர்போக் மாளிகையின் பெயரைத் தூக்கி இதற்கு வைத்தார்கள். பக்கத்து ஊரின் பெயர் பல்மோரல். அதுவும் அவர்களுடைய மாளிகைதான். டிராம் 1956ம் ஆண்டோடு போய்விட்டது. மாளிகையின் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரின் கீழே இப்போது பெருங்காயமும் வெந்தயமும் மணக்கின்றன.

இந்தத் தீவுகளில் ஆசியர்கள் மரக்கறி விற்ற கதை சான்ட்ரிங்ஹாமுக்கு முந்தியது. சீனர்களுக்கு 1881ம் ஆண்டில் தலைக்குப் பத்துப் பவுண் வரி போட்டார்கள். 1896ம் ஆண்டில் அதை நூறாக்கினார்கள். அதற்காக அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2002ம் ஆண்டில். குஜராத்திலிருந்து வந்தவர்கள் ஒக்லாந்துக்குத் தெற்கே புக்கிகோஹியில் தோட்டம் செய்தார்கள், நகரத்தில் பழக்கடை போட்டார்கள். 1920ம் ஆண்டுச் சட்டம் புதிதாக வருபவர்களுக்குக் கதவைச் சாத்தியது. 1926ம் ஆண்டில் அதே புக்கிகோஹியில் ‘வெள்ளை நியூசிலாந்துச் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் இந்தியர்களும் நாடளாவிய தங்கள் மத்திய சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். எந்த நாட்டிலிருந்து வருகிறாய் என்று பார்த்துத் தெரியும் முறை 1987ம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒழிந்தது. 1991ம் ஆண்டில் புள்ளிமுறை வந்தது. படிப்புக்கு இவ்வளவு, வயதுக்கு இவ்வளவு என்று புள்ளி கூட்டி எங்களில் கனபேர் வந்து இறங்கியது அதற்குப் பிறகு. எங்களுக்குக் கதவைத் திறந்தவர்கள் நாங்களே என்ற நினைப்பு எங்களிடம் உண்டு. திறப்புக்காகத் தட்டியவர்களின் கை எது என்று நாங்கள் விசாரிப்பதில்லை.

மூலைக்கடைக்கு இந்நாட்டில் ‘டெயரி’ என்று பெயர். பால் விற்பதால் வந்த பெயர். அவற்றில் அநேகம் இந்தியர் கைகளுக்கு வந்துவிட்டன. சான்ட்ரிங்ஹாமில் ரோஸ் கொட்டேஜ் என்றொரு சிறுகடை. 2022ம் ஆண்டு நவம்பர் 23ம் திகதி இரவு, உரிமையாளர்கள் ஊரில் இல்லாத நாட்களில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், காசுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவனால் குத்துப்பட்டு இறந்தார். புதிதாகத் திருமணமானவர். கடைவாசலில் குவிந்த பூக்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய அன்று நாங்கள் பால் வாங்க மறந்துவிட்டோம்.

அன்றைய ஆடிப்பிறப்புக்கு வருவோம். அந்த வீதியின் கடைத்தொகுதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்க ஐந்து நிமிடம் போதும். எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. பரடைஸ் கடையில் ஐதராபாத் பிரியாணிக்கு வாசல்வரை ஆட்கள். அந்தக் கடை ஆட்டிறைச்சியில் கைவைக்கும் விதத்தைப் பார்த்தால், பிரியாணி பற்றி யாழ்ப்பாணத்தார் வாய் திறக்கக்கூடாதென்பது எங்கள் அபிப்பிராயம். ஜெய் ஜலாராம் காமனில் மஞ்சள் நிறத்தில் பஞ்சுபோன்ற கடலைமாப் பலகாரம். கடுகும் பச்சைமிளகாயும் தாளித்து மேலே கொட்டித் தந்தார்கள். அம்மா அதைப் பார்த்து “கேக்குக்கு ஏன் தாளிச்சவை?” என்றா. சத்யாவில் தோசை. மழைக்கு ஒதுங்கிய வெள்ளைக்காரப் பெடியன்கள் தோசையைக் கத்தியாலும் முள்ளாலும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டட்டும்.

பலசரக்குக் கடைகள்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். ஒரே பருப்புக்குத் தட்டில் ஆறு பெயர். ஒரு மூலையில் இலங்கைச் சாமான்கள்: சிவப்புப் பச்சையரிசி மா, குரக்கன் மா, மாசிக் கருவாடு, வறுத்த மிளகாய்த்தூள், போத்தலில் அடைத்த கித்துள் பாணி. அதற்கு மேல்தட்டில் பீஜியிலிருந்து வந்த புஞ்சா கறித்தூள், எஃப்.எம்.எஃப். பிஸ்கற், தகரத்தில் அடைத்த மீன். கீழே, சாக்கில் சேப்பங்கிழங்கும் மரவள்ளியும். உறைந்த பெட்டிக்குள் முருங்கைக்காயும் துருவின தேங்காய்ப்பூவும். கறிவேப்பிலை இந்த நாட்டில் செல்லப்பிள்ளை. சாடியில் வளர்த்தால் குளிரில் இலை முழுவதையும் கொட்டிவிட்டுத் தடியாக நிற்கும். செத்துவிட்டதென்று எறிந்துவிட்டு அழுதவர்களை எங்களுக்குத் தெரியும். ஒக்டோபர்வரை பொறுத்திருக்கவேண்டும்.

பயறும் மாவும் கிடைத்தன. பனங்கட்டி கிடைக்கவில்லை. கருப்பட்டி என்று எழுதிய இந்தியப் பொதி ஒன்றிருந்தது. எடுத்துக்கொண்டோம். பிறகு ஒரு சின்ன இலங்கைச் சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்து நாலு தேநீர் சொன்னோம். கடைக்காரர் இழுத்து ஆற்றி, நுரையோடு கொண்டுவந்து வைத்தார்.

நண்பர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் குடிக்கவில்லை.

“அண்ணே, இதுல என்னென்ன இருக்கு சொல்லுங்க பாப்பம்” என்றார்.

“தேயிலை, பால், சீனி” என்றோம்.

“எல்லாம் எங்க இருந்து வந்திச்சு?”

அதற்கு நாங்கள் அன்று பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தபோதும், பிறகு நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டியபோதும் அந்தக் கேள்வி விடவில்லை.

பாலில் தொடங்குவோம். நியூசிலாந்து என்ற பெயர் எங்களுக்கு முதலில் தெரிந்தது தேசப்படத்தில் அல்ல, பால்மாப் பொதியில். அங்கர் பால்மா 1970களின் கடைசியிலிருந்து இலங்கைக் கடைத்தட்டுகளில் இருக்கிறது. பச்சைப் புல்லும் பசுவும் என்பதைத் தவிர இந்த நாட்டைப்பற்றி எங்களுக்கு வேறொன்றும் தெரியாது. 1990களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு பொதி பால்மாவை வீட்டுக்குள் எப்படி ஒளித்து வைத்தோம் என்பது அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அது கைக்குழந்தைக்கும் வருத்தக்காரருக்கும். மற்றவர்களுக்குப் பனங்கட்டி கடித்து வெறுந்தேயிலை. அம்மா இங்கே வந்த முதற்கிழமை, பண்ணைப்பால் போத்தலை எடுத்து மேசையில் வைத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, “உது தண்ணி. மா இல்லையோ?” என்றா. பசுக்கள் நிறைந்த நாட்டில் பால்மா தேடி அலைந்த பிள்ளைகள் நாங்கள்.

அங்கர் என்ற வியாபாரப் பெயர் 1886ம் ஆண்டில் வைக்காட்டோவில் பிறந்தது. ஒக்லாந்துக்குத் தெற்கே ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கிற பிரதேசம். ஹென்றி ரெனால்ட்ஸ் என்ற வெண்ணெய்க்காரர் தன் வேலையாள் ஒருவரின் கையில் பச்சை குத்தியிருந்த நங்கூரத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார் என்று சொல்வார்கள். அதற்கு இருபத்துமூன்று வருடங்களுக்கு முன்னால், 1863ம் ஆண்டு யூலையில், இதேபோன்ற ஒரு குளிர்காலத்தில், பிரித்தானியப் படை மங்காத்தாவிரி என்ற ஓடையைத் தாண்டி வைக்காட்டோவுக்குள் நுழைந்தது. அந்தப் படைக்காகப் போட்ட பெருந்தெற்கு வீதியில்தான் ஒக்லாந்து இன்றும் பயணம் செய்கிறது. போர் முடிந்ததும் மாவோரிகளிடமிருந்து ஏறக்குறைய 12 இலட்சம் ஏக்கர் காணி பறிமுதல் செய்யப்பட்டது. கலகம் செய்தவர்கள் என்று காரணம். அந்தக் காணிகள் குடியேறிகளுக்குப் பங்கிடப்பட்டன, சதுப்புகள் வடிக்கப்பட்டன, புல் விதைக்கப்பட்டது, பசு வந்தது. 1995ம் ஆண்டில் உடன்பாடும் மன்னிப்பும் சட்டமாகின. அந்தச் சட்டத்தில் எலிசபெத் மகாராணி நேரில் கையெழுத்திட்டார். சான்ட்ரிங்ஹாம் மாளிகையின் அப்போதைய சொந்தக்காரி அவர். 1863க்கும் 1995க்கும் இடையில் 132 வருடங்கள். காணி விடுவிப்புக்காகக் காத்திருக்கிற எம்மவர்கள் இந்தக் கணக்கை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

அடுத்தது தேயிலை. இந்நாட்டு வெள்ளைக்காரர்கள் மகா தேநீர்ப் பிரியர்கள். 1898ம் ஆண்டிலிருந்து வருகிற பெல் தேயிலை இங்கே பாட்டிமாரின் தேயிலை. 2023ம் ஆண்டில் காலமான மெரில் பெர்னாண்டோ, தாமே தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றிக் குடித்துப் பார்க்கச் சொன்ன டில்மாவை இங்கே தெரியாதவர் இல்லை. மகன்மார் டில்ஹானும் மலிக்கும் சேர்ந்த பெயர் அது. விளம்பரத்தில் மலையும் மூடுபனியும் கூடையும் வரும். கூடை சுமப்பவளுக்குப் பெயர் இருப்பதில்லை.

“எங்க அம்மா இருபத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தாங்க” என்றார் நண்பர். “நல்ல தூளெல்லாம் கப்பலுக்கு. எங்க வீட்டுல குடிச்சது டஸ்ட்டு. இங்க வந்துதான் அண்ணே நான் எங்க தோட்டத்துத் தேயிலைய மொதல்ல ஒழுங்கா குடிச்சேன்.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 1948ம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவருடைய பாட்டனாரை நாடற்றவராக்கியது. அதையொட்டி வந்த பிரச்சினையில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது என்பதை மேடையில் பெருமையாகச் சொல்வோம். வீட்டில் என்ன சொன்னோம்? ‘தோட்டக்காட்டான்’ என்று சொன்னோம். 1964ம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தபோது யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் எவரும் நித்திரை கெடவில்லை. 1977ம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அவர்கள் வன்னிக்கு ஓடிவந்து காடு வெட்டிக் குடியேறியபோதும், எங்கள் ஊரில் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் “மலைநாட்டுப் பெட்டை ஒண்டு பிடிச்சுத் தாங்கோ” என்றுதான் கேட்டோம். இதைக் கேட்டவர்கள் வேறு யாரோ அல்ல. எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பத்து வயதிருக்கும். அவள் ஊற்றித் தந்த தேநீரைக் குடித்துவிட்டுத்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்.

இனிச் சீனி. ஒக்லாந்துத் துறைமுகத்தின் வடகரையில், பேர்க்கன்ஹெட்டில், இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பழைய தொழிற்சாலை தண்ணீரோரம் நிற்கும். செல்சி சீனித் தொழிற்சாலை. 1884ம் ஆண்டில் தொடங்கியது. சில வருடங்களில் அது அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஆர். கம்பனியின் முழுக் கைக்கு வந்தது. அதே கம்பனிதான் 1880களிலிருந்து 1973ம் ஆண்டுவரை பீஜித் தீவுகளின் கரும்பை ஆண்டது. பீஜியில் பிழிந்த பழுப்புச் சீனி கப்பலேறி வந்து இங்கே வெள்ளையானது. பீஜியில் கரும்பு வெட்டியவர்கள் யார்?

1879ம் ஆண்டு மே மாதம் 14ம் திகதி லியோனிடாஸ் என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளோடு பீஜியை அடைந்தது. 1916ம் ஆண்டுவரை 60,000க்கும் அதிகமானவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1903ம் ஆண்டிலிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஏற்றினார்கள். அப்படி வந்தவர்கள் ஏறக்குறைய 15,000. வட ஆற்காட்டுக்காரர் நிறைய, தெலுங்கரும் மலையாளிகளும் உண்டு. ‘அக்ரிமென்ட்’ என்ற சொல் அவர்கள் வாயில் ‘கிரிமிட்’ ஆனது. ஐந்து வருட ஒப்பந்தம். பீஜியைக் கண்ணால் காணாத பாரதி அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துப் பாடியதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் மனனம் செய்திருக்கிறோம். பேச்சுப்போட்டியில் பரிசுகூட வாங்கியிருக்கிறோம். அந்தப் பெண்களின் பேத்திமார் சான்ட்ரிங்ஹாமில் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

தெரியவில்லை என்பதும் முழு உண்மையல்ல. தெரிந்துதான் இருந்தது. அவர்களுடைய பெயர்கள் பிள்ளை, முதலியார், கவுண்டர், நாயுடு, ரெட்டி. பேசுவது பீஜி இந்தி. பீஜியில் மற்ற இந்தியர்கள் அவர்களை மதராசி என்று ஒதுக்கி வைத்தார்கள். 1926ம் ஆண்டில் நாந்தியில் ‘தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்’ என்று அமைத்து, பள்ளிக்கூடங்கள் கட்டி, தமிழும் தெலுங்கும் படிப்பிக்கப் போராடினார்கள். தோட்டத்தின் பொதுமொழி இந்தி. கடையிலும் வயலிலும் அது வென்றது. மாரியம்மனும் தீமிதியும் தெருக்கூத்தும் மிஞ்சின. 1987ம் ஆண்டு, அதே மே 14ம் திகதி, லியோனிடாஸ் வந்து சரியாக 108 வருடங்களில், பீஜியில் முதல் இராணுவப் புரட்சி நடந்தது. 2000ம் ஆண்டில் இன்னொன்று. அவர்கள் இரண்டாம் முறை கப்பலேறினார்கள், இந்தத் தடவை விமானத்தில், ஒக்லாந்துக்கு. ஒக்லாந்தில் நாங்கள் முதன்முதலாகக் கறிவேப்பிலை வாங்கிய கடை அப்படி வந்த ஒருவருடையது. கோயிலில் அவர்களைக் கண்டால் எங்களுக்குள் ஒரு பகிடி உண்டு: “பேர் பிள்ளை, பேச்சு இந்தி.” இந்தப் பகிடியை நாங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. எங்கள் மகள் அப்போதே வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று தலைமுறையில் அவர்கள் இழந்ததை நாங்கள் ஒரு தலைமுறையில் முடித்துக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்காவது சவுக்கும் கங்காணியும் இருந்தன. எங்களுக்கு நல்ல பள்ளிக்கூடங்கள் மட்டும்தான் காரணம்.

ஆடிக்கூழ் அன்று மாலை கொதித்தது. கருப்பட்டி வாசம் ஏதோ குறைவாக இருந்தாலும், மழைச்சத்தத்தோடு குடிக்க நன்றாகவே இருந்தது. நண்பர் இரண்டு கிண்ணம் குடித்தார். அட்டனில் ஆடிக்கூழ் காய்ச்சும் வழக்கமில்லை என்றார்.

அடுத்தநாள் ஞாயிறு. அந்த நாட்களில் நாங்கள் ஞாயிறு விடிய முன்னம் அவொண்டேல் சந்தைக்குப் போவதுண்டு. சான்ட்ரிங்ஹாமிலிருந்து மேற்கே சில மைல். குதிரைப் பந்தயத் திடலின் வாகனத் தரிப்பிடத்தில் கூடுகிற சந்தை. யூலையில் சூரியன் ஏழரைக்குத்தான் எழும்பும். ஆறு மணி இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் சீனப் பாட்டிமார் கீரைக்கட்டு அடுக்க, தொங்காக்காரர் சேப்பங்கிழங்கைக் குவிக்க, மாவோரிக் குடும்பங்கள் கூமராவும் நீர்க்கீரையும் விற்றன. கூமரா எங்கள் வத்தாளங்கிழங்குதான். தென்னமெரிக்காவில் பிறந்த கிழங்கு. பொலினேசியக் கடலோடிகள் ஐரோப்பியருக்கு முன்பே கொண்டுவந்து, ஒக்லாந்து எரிமலைகளின் சரிவுகளில் அடுக்கடுக்காக மேடை வெட்டி வாழ்ந்து, குழி தோண்டிக் களஞ்சியப்படுத்தினார்கள். மவுங்காஃபாவ் மலையில் அந்தக் குழிகளை இன்றும் காணலாம்.

அன்று மழை ஓய்ந்து வானம் வெளித்திருந்தது. வடகிழக்கில் ஒரு சின்ன நட்சத்திரக் கூட்டம். கிழங்கு விற்ற மாவோரிப் பெரியவர் அதைக் காட்டி எங்கள் மகளுக்கு “மாத்தாரிக்கி” என்று சொன்னார். நடுக்குளிரில் விடியமுன் அது திரும்பத் தோன்றுவதுதான் அவர்களுக்குப் புதுவருடம். அதற்கு 2022ம் ஆண்டிலிருந்து நாடு முழுவதும் விடுமுறை. அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளி மண்ணில் விளையும் உணவுக்கு, ஒன்று மரத்தில் கிடைப்பதற்கு, ஒன்று நன்னீருக்கு, ஒன்று கடலுக்கு. இன்னொன்று அந்த வருடம் இறந்தவர்களுக்கு. அவர்களின் பெயர்களை உரத்துக் கூப்பிடுவார்கள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “உது எங்கட கார்த்திகையெல்லே?” என்றா. கார்த்திகைதான். முருகனுக்குப் பால் கொடுத்த அறுவர். எங்களுக்கு அது மாலையில் விளக்கேற்றுகிற நேரத்து வெள்ளி. இவர்களுக்கு விடியற்காலையில். பெரியவர் இரண்டு கூமராவைச் சும்மா போட்டுத் தந்தார்.

முருங்கையிலை விற்கும் இடத்தில்தான் அந்தப் பீஜி அம்மாவைக் கண்டோம். எழுபது வயதிருக்கும். கம்பளிச் சட்டைக்கு மேல் சேலை. ஒரு மடக்குக் கதிரையில் இருந்து, மகன் விற்க, இலை ஆய்ந்துகொண்டிருந்தா. நாங்கள் எங்களுக்குள் கதைப்பதைக் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில், லங்காவா என்று கேட்டா. ஓமென்றோம். தன்னுடைய ஆஜி, அதாவது அப்பாவின் தாய், மதராசிலிருந்து கப்பலில் வந்தவ என்றா. கரும்பு வெட்டின கை என்று தன் கையையே காட்டினா. தமிழ் தெரியுமா என்று கேட்டோம். பள்ளிக்கூடத்தில் அ, ஆ எழுதினதாகவும் எல்லாம் போய்விட்டதென்றும் தலையை ஆட்டினா. பிறகு எங்கள் மகளைப் பார்த்து, ஏதோ பெட்டியின் அடியிலிருந்து எடுப்பதுபோல், சொன்னா:

“சோறு துன்னியா?”

எங்களில் ஒருவருக்கு முதலில் வந்தது அந்தப் பழைய சிரிப்புத்தான். சென்னைப் படத்தில் நகைச்சுவை நடிகர் பேசுவது மாதிரி இருக்கிறதென்று. நண்பர் எங்கள் கையைத் தொட்டார். வட ஆற்காட்டில் நூறு வருடத்துக்கு முன் ஒரு பெண் தன் பிள்ளையைக் கேட்ட கேள்வி அது. கப்பலிலும் கரும்புத் தோட்டத்திலும் இரண்டு புரட்சிகளிலும் எல்லாம் உதிர்ந்தபின் இந்த ஒன்று உதிராமல் கிடந்திருக்கிறது.

மகளுக்கு ‘துன்னியா’ விளங்கவில்லை. சோறு விளங்கியது.

“இன்னும் இல்லை” என்றாள். தமிழில்தான்.

அந்த அம்மா காலடியில் இருந்த சுடுநீர்ப் போத்தலைத் திறந்து, மூடியில் ஊற்றி எங்கள் பக்கம் நீட்டினா. பால் விட்ட தேநீர், ஏலக்காய் மணத்தோடு. கற்கண்டுப் பாகுபோல் இனித்தது. சீனி காணுமா என்று பீஜி இந்தியில் கேட்டது எங்களுக்கு விளங்கியது. எங்கள் இருவருக்கும் சலரோகம். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தோம். நண்பருக்கும் ஊற்றினா.